போஸ்ட்டொக் (பீஎச்டிக்குப் பிந்தைய ஆய்வு வேலை) தேடும் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு

வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ படித்து, எங்காவது பீஎச்டியும் முடித்து, இப்போது கணவன் அல்லது மனைவியின் விசாவில் பிரித்தானியாவுக்கு வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு இது. ஊரில் இருந்தபடி விண்ணப்பிப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

பல்கலைக்கழக ஆய்வு வேலைகளுக்கு ஜொப்ஸ் டொட் ஏசி டொட் யூகே, ஐரோப்பா என்றால் யூராக்சஸ் என்ற இணையத்தளங்களைப் பாருங்கள். ‘ரிசேர்ச் அசோசியேட்’ என்று இருந்தால் வழக்கமாகப் பீஎச்டி கேட்பார்கள். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) காத்திருப்பவரை ‘அசிஸ்டன்ட்’ ஆக எடுத்து, பட்டம் வந்ததும் உயர்த்துகிற வழக்கமும் உண்டு. ஆகவே சான்றிதழ் கைக்கு வரட்டும் என்று சும்மா இருக்க வேண்டாம்.

விளம்பரத்தோடு ‘பர்சன் ஸ்பெசிபிகேஷன்’ என்று ஒன்று வரும். முழுக்கவனமும் அதில்தான் இருக்க வேண்டும். கட்டாயம் வேண்டியவை, இருந்தால் நல்லவை என்று பிரித்திருப்பார்கள். தெரிவுக்குழு அதை வைத்துத்தான் புள்ளி போடும். நம்ம ஆட்கள் ‘கடின உழைப்பாளி, குழுவோடு ஒத்துப்போவேன்’ என்று எழுதிவிட்டு இருந்துவிடுகிறார்கள். களத்தில் தரவு சேகரித்த அனுபவம் கேட்டிருக்கிறார்களா? அதையே தலைப்பாகப் போடுங்கள். கீழே, வாவியில் எத்தனை இடத்தில் தண்ணீர் மாதிரி எடுத்தீர்கள், உப்புத்தன்மையை எதனால் அளந்தீர்கள், எந்த மென்பொருளில் பகுப்பாய்வு செய்தீர்கள், அதில் நீங்கள் செய்தது எது, உங்களை மேற்பார்வை செய்த சேர் செய்தது எது என்று எழுதுங்கள்.

ஊர் அனுபவத்தைச் சீவியில் ஒளித்து வைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். மெலியோய்டோசிஸை எடுங்கள். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் பாக்டீரியாவால் வருவது, பெருமழைக்குப் பிறகு கூடும், சீனி வருத்தக்காரரைக் கடுமையாகத் தாக்கும். மட்டக்களப்பிலும் நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். இதே நோயை டார்வினில் மென்சீஸ் ஆய்வு நிறுவனமும் பாங்கொக்கில் மஹிடொல் ஒக்ஸ்போர்ட் பிரிவும் பல காலமாக ஆராய்கின்றன. நம்ம பக்கத்து ஆய்வுகூடத்தில் அந்தக் கிருமியை வளர்த்துப் பார்த்த ஒருவரின் கடிதத்தை அப்படியான குழு சும்மா தள்ளிவிடாது.

எம்பிபிஎஸ் முடித்தவர்கள் ஜிஎம்சி (பிரித்தானியாவில் மருத்துவர்களைப் பதியும் சபை) பதிவு வரும்வரை வீட்டில் இருக்கத் தேவையில்லை. சிகிச்சை கொடுக்காத ஆய்வு வேலைகளுக்கு அந்தப் பதிவு பொதுவாகக் கேட்கப்படாது. ஜிசிபி (மருத்துவ ஆய்வுகளை முறையாக நடத்தும் நெறிகள்) பயிற்சியை மட்டும் முன்பே செய்து வையுங்கள்.

துணை விசாவில் இருந்தால் வேலை தருபவர் விசாவுக்கு ஸ்பொன்சர் செய்ய வேண்டிய பிரச்சினை இல்லை. விண்ணப்பத்தில் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஊரிலிருந்து ஸ்கில்ட் வேர்க்கர் விசாவில் வருபவர்களுக்குச் சில துறைகளில் ஏடாஸ் (பாதுகாப்பு நோக்கில் ஆய்வுத்துறையைப் பார்த்துக் கொடுக்கும்) அனுமதி வேண்டும். கட்டணம் இல்லை, ஆனால் ஒரு மாதத்துக்கு மேலும் இழுக்கலாம். பெரிய செலவு விசாவோடு கட்டும் சுகாதாரக் கட்டணம்: பெரியவர் ஒருவருக்கு வருடத்துக்கு 1,035 பவுண்ட், மூன்று வருடத்துக்கு 3,105, அதுவும் முன்கூட்டியே. சில பல்கலைக்கழகங்கள் திருப்பித் தருகின்றன. வெட்கப்படாமல் எச்ஆரிடம் கேளுங்கள். இந்த வேலைகளை எடுத்துத் தருகிறேன் என்று கல்முனையிலோ கொழும்பிலோ யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

கம்பஸிலிருந்து படிப்பு லீவில் வந்த விரிவுரையாளர்கள், புதிய வேலைக்குக் கையெழுத்து வைக்கமுன் திரும்பி வந்து வேலை செய்வேன் என்று எழுதிக் கொடுத்த பிணைப் பத்திரத்தை எடுத்து வாசியுங்கள். பிணை நின்ற மச்சான் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்.

அப்புறம் ரெஃபரன்ஸ். பேர் போடமுன் கேட்டுவிடுங்கள். ஜிமெயில் வேண்டாம், பல்கலைக்கழக மின்னஞ்சலையே கொடுங்கள். சேர் மெயில் பார்ப்பது அரிது என்றால் விண்ணப்பம் அனுப்பிய அன்றே வாட்ஸப்பில் ஒரு தகவல் போட்டுவிடுங்கள்.