அச்சில் வானம் ஊதாவாகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. திரையில் தெளிந்த நீலமாக இருக்கும் வானம், இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சிட்டால் ஊதா கலந்து வருகிறது. முகம், மரம், மண் எல்லாம் சரியாகவே வருகின்றன, வானம்தான் இப்படி.

மானிட்டரின் வெண்மையை 6500 கெல்வினுக்கு (பகல் வெளிச்சத்தின் வெண்மை) காலிபரேட் செய்து, நிறத்தைச் சரிப்படுத்தியிருக்கிறேன். தாளுக்குரிய ஐசிசி புரொஃபைலையே (அந்தத் தாளில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு) தேர்ந்தெடுக்கிறேன். படத்தை அச்சிடும் மென்பொருளும் பிரிண்டரை இயக்கும் டிரைவரும் சேர்ந்து இரண்டு முறை நிறத்தை மாற்றிவிடக் கூடாதே என்று டிரைவரின் நிறத் திருத்தத்தை அணைத்தும் வைத்திருக்கிறேன். நீலத்தில் மெஜந்தா (கருஞ்சிவப்பு கலந்த இளஞ்சிவப்பு) மை கொஞ்சம் கூடினாலே ஊதா தட்டும் என்பது தெரியும். ஆனால் மொத்தமாக மெஜந்தாவைக் குறைத்தால் அந்திவானத்தின் சிவப்பு வெளுத்துவிடுகிறது. அதை இழக்க மனமில்லை.

அச்சில் வராத நிறங்களை மாற்றும் முறைகளில், வானத்துக்கு எல்லா நிறங்களையும் சேர்த்துச் சுருக்கும் பெர்செப்சுவல் நல்லதா, வராத நிறங்களை மட்டும் நெருங்கிய நிறத்துக்கு மாற்றும் ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்கா? அப்புறம், சாஃப்ட் ப்ரூஃப் (அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் முன்னோட்டம்) பார்த்தபடி நீலத்தை மட்டும் சயான் (பச்சை கலந்த நீலம்) பக்கம் நகர்த்தி யாராவது சரிசெய்திருக்கிறீர்களா? எவ்வளவு நகர்த்தினீர்கள் என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.