ஓல்ட்பாய் வராந்தா சண்டையில அந்தக் கத்தி: கொரியப் படத்துல “எல்லாமே நிஜம்”னு சொல்றவங்களுக்கு

படச்சுருள்:
பக்கத்துத் திரியில சுத்தியல்சித்தன் எழுதினதை அப்படியே தர்றேன்: “கொரிய சண்டைப் படங்கள் நம்மளைக் கட்டிப்போட ஒரே காரணம், அதுல எதுவுமே போலி கிடையாது. ஓல்ட்பாய் வராந்தா சண்டையைப் பாருங்க. கட் இல்லை, கயிறு இல்லை, கிராபிக்ஸ் இல்லை.”

இதுக்கு ஆளாளுக்குக் கைதட்டல் வேற. படிக்கப் படிக்க எரிச்சலா வருது. கட் இல்லை, சரி, ஓல்ட்பாய்ங்கிற அந்தக் கொரியப் படத்துல அந்த வராந்தா சண்டை முழுக்க ஒரே ஷாட்தான். ஆனா சண்டை நடுவுல நாயகன் சோய் மின்-சிக் முதுகுல ஒரு கத்தி இறங்குது, சண்டை முடியற வரைக்கும் அங்கேயே நிக்குது. அந்தக் கத்தி கம்ப்யூட்டர்ல போட்டது. ஷூட்டிங் நடந்தப்போ அவர் முதுகுல ஒண்ணுமே இல்லை. இது ஊருக்கே தெரிஞ்ச விஷயம். தெரியாம ஒருத்தர் பாடம் நடத்துறாரு.

சுத்தியல்சித்தன்:
வந்துட்டாருய்யா. ஒரு கத்தியைப் பிடிச்சுக்கிட்டுத் தனித் திரியே போட்டிருக்காரு. அந்த ஷாட் 17 டேக், 3 நாள். 17 டேக்! ஆளு மூச்சு வாங்குறது நடிப்பு இல்லை, உண்மையாவே களைச்சுப் போயிட்டாரு. அதைத்தான் நிஜம்னு சொன்னேன். படம் 2004ல கான் திரைப்பட விழாவுல கிராண்ட் ப்ரீ விருது வாங்கிச்சு. அந்த நடுவர் குழுவுக்கெல்லாம் இல்லாத கவலை உங்களுக்கு எதுக்கு?

படச்சுருள்:
விருதை யாரும் கேக்கலை. “கிராபிக்ஸ் இல்லை”ன்னு எழுதினது நீங்க. கத்தி கிராபிக்ஸ். ஆமாவா இல்லையா?

ஷாபிரதர்ஸ்_ரசிகன்:
ரெண்டு பேருமே தப்பான படத்தை வெச்சு மல்லுக்கட்டுறீங்க. ஓல்ட்பாய்ல ஏதுய்யா தற்காப்புக் கலை? ஒருத்தன் சுத்தியலைத் தூக்கிட்டு வர்றான், பத்திருபது பேர் கட்டையோட விழுறாங்க. தெருச்சண்டை. கொரியக் கலையைப் பாக்கணும்னா 70கள்ல ஹாங்காங் போன கொரியர்களைப் பாருங்க. 1978ல ட்ரங்கன் மாஸ்டர்ல ஹ்வாங் ஜாங்-லீ. டேக்வாண்டோக்காரர். ஒத்தைக் கால்ல நின்னுக்கிட்டு இன்னொரு காலைக் கீழ வைக்காமலே வயிறு, நெஞ்சு, முகம்னு மாத்தி மாத்தி உதைப்பாரு. 1980ல தி யங் மாஸ்டர் க்ளைமாக்ஸ்ல ஜாக்கி சானைப் புரட்டி எடுக்கிறாரே ஹ்வாங் இன்-ஷிக், அது ஹாப்கிடோங்கிற கொரியக் கலை. மணிக்கட்டைப் பிடிச்சு மடக்கி, முழங்கையைப் பூட்டி, தூக்கி எறியறது. ஆள் முழுசா தலையிலருந்து கால் வரை ஃபிரேமுக்குள்ள. ஒரே ஷாட்ல அஞ்சாறு அசைவு. அதுதான் நிஜம்.

சுத்தியல்சித்தன்:
நிஜமாம். அந்தக் காலத்து ஹாங்காங் சண்டைகள்ல பல இடத்துல கேமராவை நொடிக்கு 22 ஃபிரேம்ல ஓட்டி, தியேட்டர்ல 24ல போட்டது. 9 சதவீதம் வேகம் சும்மா கிடைக்கும். சட்டையில பவுடரைத் தட்டி வெச்சு அடி விழும்போது புகை கிளப்புவாங்க. அதெல்லாம் நிஜம், கொரியாக்காரன் 17 டேக் எடுத்தது போலியா?

ஷாபிரதர்ஸ்_ரசிகன்:
வேகத்தைக் கூட்டலாம், கால் போற உயரத்தைக் கூட்ட முடியுமா? ஹ்வாங் ஜாங்-லீ கால் எவ்வளவு உயரம் போகணுமோ அவ்வளவு உயரம் அவரேதான் தூக்கியாகணும்.

படச்சுருள்:
கத்தியை விட்டு எங்கேயோ போயாச்சு. இழுத்துட்டு வர்றேன்.

அந்தக் கத்தியை ஏன் கம்ப்யூட்டர்ல போட வேண்டியிருந்துச்சுன்னு யோசிச்சாலே உங்க “எல்லாம் நிஜம்” கதை உடைஞ்சுடும். சாதாரணமா ஒரு படத்துல முதுகுல கத்தி நிக்கணும்னா ஷாட்டை வெட்டுவாங்க. குத்துறவன் கை ஓங்குறது ஒரு ஷாட். அடுத்த ஷாட்டுக்குள்ள நடிகரோட சட்டைக்கு அடியில ஒரு தகடு கட்டி, அலகு இல்லாத வெறும் கைப்பிடியைத் தகட்டுல திருகி நிறுத்திடுவாங்க. ரத்தம் பூசுவாங்க. முடிஞ்சது. இங்க வெட்டே கிடையாது. ஷாட் ஆரம்பத்துல முதுகு வெறுமையா இருக்கணும், நடுவுல கத்தி வரணும், வந்தது விழாம நிக்கணும். உள்ள போற மாதிரி ஸ்பிரிங் வெச்ச கத்தி இருக்கு, ஆனா கையை எடுத்தா அது நிக்காது. காந்தம் வெச்ச தகடுன்னா குறி ஒரு அங்குலம் தப்பினாலும் ஒட்டாது. அத்தனை பேர் மோதுற இடத்துல குறி தப்பாம இருக்குமா? ஒட்டினாலும் அடுத்தவன் முட்டிக் கழண்டு விழும், இல்ல ஆள் தரையில உருளும்போது கைப்பிடி முதுகெலும்புல குத்தும். எப்படிப் பாத்தாலும் டேக் பாழ். அதனால கடைசியில கம்ப்யூட்டர். அதுவும் லேசான வேலை இல்லை. கேமரா பக்கவாட்டுல நகருது, ஆள் குனியுறாரு, திரும்புறாரு, குறுக்க வேற ஆட்கள் வந்து மறைக்கிறாங்க. ஒவ்வொரு ஃபிரேம்லயும் கத்தி சட்டையோட ஒட்டி ஆடணும். கொஞ்சம் வழுக்கினாலும் மிதக்குற மாதிரி தெரியும்.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஒட்ட வெச்சதை “கிராபிக்ஸ் இல்லை”ன்னு சொன்னா, அந்த வேலையைச் செஞ்சவங்களுக்குத்தான் அவமரியாதை.

சுத்தியல்சித்தன்:
நல்லா எழுதினீங்க, ஆனா நான் சொன்னதையே நீங்களும் சொல்றீங்க. மத்த எல்லாம் நிஜமா இருந்ததாலதான் கத்தியை மட்டும் வரைய வேண்டி வந்துச்சு. 17 டேக்.

படச்சுருள்:
இது சப்பைக்கட்டு. “இல்லை”ன்னு சொன்னது “ஒண்ணே ஒண்ணு மட்டும்”னு மாறியாச்சு. அடுத்து என்ன, “ரெண்டு மட்டும்”?

ஒத்தஅடி:
எதுக்குப்பா இவ்வளவு ஆராய்ச்சி. கொரிய நடிகர் மா டாங்-சொக் ஒரு அறை விட்டா ஆளு சுவத்துல போய் ஒட்டுறான், தியேட்டர் அதிருது. ரவுண்டப் வரிசையில 2022, 2023, 2024னு மூணு படம், கொரியாவுல ஒவ்வொண்ணுக்கும் 1 கோடிக்கு மேல டிக்கெட். அங்க எவனாவது கத்தி நிஜமான்னு கேட்டானா?

படச்சுருள்:
அந்த அறை எப்படி விழுதுன்னு தெரிஞ்சா இப்படிப் பேச மாட்டீங்க. கேமரா அடி வாங்குறவன் தோளுக்குப் பின்னாடியோ அடிக்கிறவன் தோளுக்குப் பின்னாடியோ நிக்கும். கை போற கோடும் லென்ஸ் பாக்குற கோடும் ஒண்ணா இருந்தா, கைக்கும் கன்னத்துக்கும் நடுவுல அரை அடி இடைவெளி இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அடி வாங்குறவன் இடுப்புல கயிறு கட்டிப் பின்னாடி வெடுக்குன்னு இழுப்பாங்க. மிச்சத்தைச் சத்தம் பாத்துக்கும். அந்தச் சத்தம் ரெண்டு மூணு ஃபிரேம் தள்ளிப் போனாலே அடி பிசுபிசுத்துடும்.

ஓல்ட்பாய்ல இந்த வசதி எதுவும் இல்லை. கேமரா பக்கவாட்டுல நிக்குது, தண்டவாளத்துல வராந்தாவோடவே நகருது. தொடாம அடிக்கிறதுக்கு இதைவிட மோசமான கோணம் கிடையாது, ஏன்னா ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி பளிச்சுன்னு தெரியும். அதனாலதான் அடிகள் பெரும்பாலும் தோள், முதுகு, விலான்னு விழுது. அங்கெல்லாம் சட்டைக்குள்ள திண்டு வெச்சு நிஜமாவே தொட்டு அடிக்கலாம். கும்பலும் ஒருத்தனுக்குப் பின்னாடி ஒருத்தன் நின்னு இடைவெளியை மறைக்குது. சித்தன் இதைச் சொல்லியிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அவருக்குத் தெரிஞ்சது 17ங்கிற எண் மட்டும்.

சுத்தியல்சித்தன்:
எண்ணைச் சொன்னா குத்தமா? உங்களுக்கு என் மேல ஐபி மேன் திரியிலருந்தே வயித்தெரிச்சல். அங்க நீங்க வாங்கிக் கட்டிக்கிட்டதை இங்க தீத்துக்குறீங்க. எல்லாரும் பாத்துட்டுத்தான் இருக்காங்க.

வடமராட்சியான்:
உந்தக் கத்தியைப் பற்றி எத்தனை தரம் கதைக்கப் போறியள்? எனக்கு விளங்காதது ஒண்டு. 2011இல வந்த தி ரெய்டுக்கு முன்னால உந்தக் கொரியப் படங்கள் எல்லாம் நிக்குமே? சிலாட் எண்ட இந்தோனேசியச் சண்டைக்கலை என்னெண்டு அந்தப் படத்தில பாருங்கோ. முழங்கை, முழங்கால், கத்தி எல்லாம் ஒரு ஓட்டத்தில வரும். அதின்ர நாயகன் இகோ உவைஸ் சின்ன வயசிலயிருந்து சிலாட் பழகின ஆள். கொரியப் படங்களில நடிகரை எடுத்துச் சில மாசம் பழக்கி விடுகினம், அவ்வளவுதான்.

சுத்தியல்சித்தன்:
ரெய்டு இந்தோனேசியப் படம், இயக்குநர் கேரத் எவன்ஸ் வேல்ஸ்காரர். கொரியத் திரியில அது எதுக்கு?

வடமராட்சியான்:
எதுக்கெண்டால், 2010இல வந்த தி மேன் ஃப்ரம் நோவேரில வொன் பின் கத்திச் சண்டை பிடிக்கிறாரே, அது டேக்வாண்டோவோ? அதுக்குள்ள இருக்கிறது பிலிப்பைன்ஸ், இந்தோனேசியப் பக்கத்து முறையள். கைக்குள்ள கை புகுத்தி, கத்திக்கையைத் தட்டி விலத்தி, நரம்பை அறுக்கிறது. கடைசியில அவரோட மோதுறவரும் தாய்லாந்து நடிகர். பிறகு எது கொரியக் கலை?

ஷாபிரதர்ஸ்_ரசிகன்:
அப்படிப் போடுங்க. இதைத்தான் முதல்லருந்து கத்திட்டு இருக்கேன். டேக்வாண்டோங்கிற பேரு 1955ல வந்தது, 2000ல சிட்னி ஒலிம்பிக்ல முழுப் பதக்க விளையாட்டாவும் ஆயிடுச்சு. ஆனா கொரியாவுல பேர் வாங்கின சண்டைப் படங்கள்ல அதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கு. 2011ல டேக்வாண்டோ குடும்பத்தை வெச்சு தி கிக்னு ஒரு படம் வந்துச்சு. அதை எடுத்தவரே தாய்லாந்து இயக்குநர் ப்ரச்யா பிங்கேவ்!

படச்சுருள்:
இருங்க, இதுல ஒரு நியாயம் இருக்கு, ஆனா முடிவு தப்பு. கொரியப் படத்துல சண்டையை வடிவமைக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க வந்த வழி ஒண்ணு. 1998ல ஜங் டூ-ஹாங் தொடங்கின சியோல் ஆக்‌ஷன் ஸ்கூல். அங்க ஒரு கலையை மட்டும் வெச்சு ஆளைத் தயார் பண்றதில்லை. உதை, விழுறது, உருளுறது, கார் மோதி எகிறுறது, உயரத்துலருந்து குதிக்கிறது எல்லாம் சேர்த்தி. 2006ல தி சிட்டி ஆஃப் வயலன்ஸ்ல அவரே நாயகனா இயக்குநர் ரியூ சுங்-வானோட சேர்ந்து நடிச்சாரு. அதுல டேக்வாண்டோ உதை வேணுங்கிற அளவுக்கு இருக்கு, ஷாபிரதர்ஸ் பாக்கலைன்னா அது படத்தோட தப்பு இல்லை.

கத்தியும் கட்டையும் அங்க ஏன் இவ்வளவுன்னா, அந்த ஊர்ல சாதாரண ஆள் கையில துப்பாக்கி கிடைக்காது. சட்டம் அவ்வளவு கடுமை. ரவுடிப் படம்னா மீன் வெட்டுற சாஷிமி கத்தி, பேஸ்பால் மட்டை, சுத்தியல். இந்த ஆயுதத்துக்கெல்லாம் கை நீளத்துக்குள்ள வந்தாகணும். கிட்ட வந்தா கட்டிப் புரளணும், மூச்சு வாங்கும், கை வழுக்கும், ஓங்கினது தப்பும். வராந்தா சண்டையில எல்லாருமே நடுவுல நின்னு மூச்சு வாங்குறாங்க, அடிக்க வந்தவனும் பயந்து பின்வாங்குறான். கொரிய சண்டையோட ருசியே அங்கதான் இருக்கு. எல்லாம் நிஜம்ங்கிறதுல இல்லை. களைப்பை வெட்டி எறியாம வெச்சிருக்காங்க பாருங்க, அதுல இருக்கு.

சுத்தியல்சித்தன்:
களைப்பு எங்கிருந்து வந்துச்சு? 17 டேக்ல இருந்து. நன்றி.

படச்சுருள்:
மறுபடியும் 17. கத்தி?

ஒத்தஅடி:
ஓல்ட்பாய்ல உயிரோட ஆக்டோபஸைத் தின்னது நிஜம்தானே? அதாவது நிஜம்னு ஒத்துக்குவீங்களா?

சுத்தியல்சித்தன்:
நிஜம். டேக் டேக்கா 4 ஆக்டோபஸ். சோய் மின்-சிக் பௌத்தர், ஒவ்வொண்ணுக்கும் பிரார்த்தனை பண்ணிட்டுத்தான் வாயில வெச்சாரு.

ஷாபிரதர்ஸ்_ரசிகன்:
அது சண்டைக் காட்சியா? ஆக்டோபஸ் திருப்பி அடிச்சுதா?

ஒத்தஅடி:
கை மேல சுத்திக்கிச்சே.

வடமராட்சியான்:
நல்ல விவாதம்.

படச்சுருள்:
ஆக்டோபஸுக்குத் தனித் திரி போடுங்க. நான் சொல்ல வந்தது இன்னும் முடியலை. இந்த “ஒரே ஷாட்” பித்து ஓல்ட்பாய்க்கு அப்புறம் எப்படிக் கெட்டுப் போச்சுன்னு பாருங்க. 2017ல தி வில்லனஸ், ஜங் பியாங்-கில் படம், அவரும் அந்த ஆக்‌ஷன் ஸ்கூல்ல பயிற்சி எடுத்தவர்தான். ஆரம்பச் சண்டை நாயகியோட கண் வழியாத் தொடங்குது. அப்புறம் அவ தலையைக் கண்ணாடியில மோதுறாங்க, அந்த இடத்துல கேமரா அவ கண்ணை விட்டு வெளிய வந்துடுது. பிரமாதமான யோசனை. ஆனா அது ஒரே ஷாட் இல்லை, ஒட்டுப் போட்டது. கதவு தாண்டும்போது இருட்டும் பாருங்க, சட்டுன்னு திரும்பும்போது படம் கலங்கும் பாருங்க, அங்கெல்லாம் ஒட்டு வைக்கலாம். அதே இயக்குநர் 2022ல கார்ட்டர்ல படம் முழுக்க இதையே செஞ்சாரு. ஒட்டுகள் கண்ணை உறுத்துது, கேமரா ஒரு இடத்துல நிக்கவே மாட்டேங்குது. அடி எங்க விழுந்துச்சுன்னே தெரியலை.

சுத்தியல்சித்தன்:
ஒட்டுப் போட்டாலும் வில்லனஸ் பைக் வாள் சண்டையைப் பாத்துட்டுத்தான் ஜான் விக் மூணாம் பாகத்துல அதே மாதிரி வெச்சாங்க. ஹாலிவுட்டே கொரியாகிட்டக் கத்துக்குது. இங்க கத்தியைப் பிடிச்சுத் தொங்குறாங்க.

படச்சுருள்:
யாரு இல்லைன்னா? உங்க வாக்கியம்தான் தப்பு. “கிராபிக்ஸ் இல்லை.” திருத்திட்டீங்கன்னா நான் போயிட்டே இருப்பேன்.

சுத்தியல்சித்தன்:
ஒரு எழுத்தைக்கூட மாத்த மாட்டேன்.

ஷாபிரதர்ஸ்_ரசிகன்:
ரெண்டு பேரும் விட்டுக் கொடுக்காதீங்க. நான் கேட்டதுக்குப் பதில் வரலை. ஜி ஹான்-ஜே, ஹாப்கிடோ முன்னோடிகள்ல ஒருத்தர், கேம் ஆஃப் டெத்ல புரூஸ் லீயோட நேருக்கு நேர் மோதினவர். அந்தத் தரத்துல கலை தெரிஞ்ச ஒருத்தர் இன்னிக்குக் கொரியப் படத்துல நாயகனா இருக்காரா? பேர் சொல்லுங்க.

ஒத்தஅடி:
மா டாங்-சொக். குத்துச்சண்டை தெரிஞ்சவர்.

ஷாபிரதர்ஸ்_ரசிகன்:
குத்துச்சண்டை கொரியக் கலையா?

ஒத்தஅடி:
கொரியாக்காரர் அடிச்சா கொரியக் கலைதான்.

படச்சுருள்:
அப்போ புரூஸ் லீகிட்ட ஜி ஹான்-ஜே அடி வாங்கினதை எந்தக் கணக்குல சேக்குறது? சரி விடுங்க. மேல ஒருத்தர் 22 ஃபிரேம்னு சொன்னாருல்ல, அதையும் அரைகுறையாத்தான் சொன்னாரு. வேகத்துக்கு அது மட்டும் வழி இல்லை. 24லயே ஓட்டி ஷட்டர் கோணத்தை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் எவ்வளவு நேரம் ஒளி வாங்குதுங்கிற அளவை, 180 டிகிரியிலருந்து 90 ஆக்கினா, ஒவ்வொரு ஃபிரேமும் நொடியில 48ல ஒரு பங்குக்குப் பதிலா 96ல ஒரு பங்கு நேரம்தான் பதிவாகும். மங்கல் குறைஞ்சு ஒவ்வொரு அசைவும் வெட்டு வெட்டாத் தெறிக்கும். இப்போ வர்ற சண்டைப் படங்கள்ல கத்தி வீச்சு கூர்மையா தெரியுதுன்னா பாதி காரணம் இதுதான். கோணத்தை ரொம்பக் குறைச்சா படம் நடுங்கும், ஒளியும் பத்தாது, விளக்கை ரெண்டு மடங்கு ஏத்தணும்.

சுத்தியல்சித்தன்:
அரைகுறைன்னு யாரைச் சொன்னீங்க? 22 ஃபிரேம் கணக்குல என்ன தப்பு? 24ஐ 22ஆல வகுத்துப் பாருங்க.

படச்சுருள்:
கணக்கு சரி. எல்லா ஷாட்டையும் அப்படியா ஓட்டுனாங்க? எந்தப் படம், எந்தச் சண்டை? சொல்லுங்க, பாத்துடலாம்.