மருந்துச் சீட்டு தேவைப்படும் மருந்துக்குப் பொதுமக்களிடம் விளம்பரம் எதற்கு?

தும்பை:
மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே வாங்கக்கூடிய மருந்துகளைப் பொதுமக்களுக்கு நேரடியாக விளம்பரம் செய்ய அமெரிக்காவும் நியூசிலாந்தும் அனுமதிக்கின்றன; பெரும்பாலான நாடுகளில் அதற்குத் தடை உண்டு. எந்த மருந்து என்று தீர்மானிப்பவர் மருத்துவராக இருக்கும்போது நோயாளியிடம் விளம்பரம் செய்வது, அவர் வழியாக மருத்துவரை நெருக்குவதற்கே என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நோயாளிக்கும் தகவல் பெறும் உரிமை உண்டு என்ற வாதத்தை எளிதில் தள்ள முடியவில்லை. பக்க விளைவுகளை விளம்பரத்திலேயே சொல்லிவிட்டால் நிறுவனத்தின் பொறுப்பு தீர்ந்துவிடுமா?

கரிசல்காடன்:
தீராது. நிறுவனம் தனக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொன்னால்தான் அந்த அறிவிப்புக்கு மதிப்பு. முக்கியமான அபாயங்களை மட்டும் கூறி, மீதி விவரத்துக்குத் தொலைபேசி எண்ணையோ இணையதளத்தையோ காட்டினால் போதும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997இல் வழிகாட்டிய பிறகே அங்கே தொலைக்காட்சி விளம்பரங்கள் பெருகின. 1999இல் ஒப்புதல் பெற்ற மெர்க் நிறுவனத்தின் வையாக்ஸ் என்ற மூட்டுவலி மருந்து அந்த அலையில் பெரிதாக விளம்பரம் செய்யப்பட்டது. அதை உட்கொண்டவர்களுக்கு, ஒப்பிடப்பட்ட நாப்ராக்சென் மருந்தை உட்கொண்டவர்களைவிட மாரடைப்பு அதிகம் என்பது 2000ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வில் தெரிந்தது. வையாக்ஸ் இதயத்தைக் கெடுக்கவில்லை, நாப்ராக்சென்தான் இதயத்தைக் காக்கிறது என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது. எச்சரிக்கை மருந்துக் குறிப்பில் ஏறியது 2002இல். மருந்து திரும்பப் பெறப்பட்டது 2004 செப்டம்பரில். இடைப்பட்ட ஆண்டுகளில் விளம்பரத்தைப் பார்த்து மருந்தைக் கேட்டு வாங்கியவர் எந்தத் தகவலின் அடிப்படையில் முடிவெடுத்தார்?

வேப்பமரம்:
நான் மருந்தகத்தில் பணிபுரிகிறேன். விளம்பரத்தால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கூச்சத்தால் மருத்துவரிடம் போகாதிருந்த சிலர் அதைப் பார்த்துப் போவதுண்டு. ஆனால் விளம்பரத்துக்கு வருவது பெரும்பாலும் காப்புரிமை நீங்காத புதிய மருந்துதான். பல ஆண்டுகள் பயன்பாட்டில் சோதிக்கப்பட்ட, விலை குறைந்த பழைய மருந்துக்காகப் பணம் செலவிட எவருமில்லை. ஆகவே ‘தகவல்’ என்று வருவது ஒருபக்கமாகச் சாய்ந்தே வருகிறது.

இன்னொன்று: தொலைக்காட்சியை மட்டும் தடை செய்தால் சிக்கல் தீராது. பர்டியூ என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் ஆக்சிகான்டின் என்ற அபின் வகை வலி மருந்து பரவியது விற்பனைப் பிரதிநிதிகள் மருத்துவர்களிடம் நேரில் பேசிய பேச்சால். பிற வலி மருந்துகளைவிட அடிமையாக்கும் தன்மை இதற்குக் குறைவு என்று தவறாகப் பரப்பியதை 2007இல் நிறுவனமே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

தும்பை:
அப்படியானால் தண்டனையைப் பற்றித்தான் கேட்க வேண்டும் போலிருக்கிறது. அந்த வழக்கில் எவரேனும் சிறை சென்றார்களா?

கரிசல்காடன்:
இல்லை. நிறுவனமும் அதன் மூன்று உயர் அதிகாரிகளும் சேர்ந்து ஏறத்தாழ 63 கோடி டாலர் செலுத்த இணங்கினர். அதிகாரிகளுக்கு நன்னடத்தைக் கண்காணிப்பும் சமூக சேவையும்தான் விதிக்கப்பட்டன. 2020இல் அதே நிறுவனம் மீண்டும் குற்றங்களை ஒப்புக்கொண்டது என்பதிலிருந்து முதல் தண்டனை எவ்வளவு உறைத்தது என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். என் பார்வையில், அபராதம் நிறுவனத்தின் கணக்கிலிருந்து போகும்வரை அது விற்பனைச் செலவுகளில் ஒன்றாகவே எண்ணப்படும். 2012இல் கிளாக்சோ ஸ்மித்கிளைன் என்ற மருந்து நிறுவனம், மருந்துகளைச் சட்டவிரோதமாகச் சந்தைப்படுத்தியது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளைத் தீர்க்க 300 கோடி டாலர் செலுத்த உடன்பட்டபோது, தவறு நடந்தால் நிர்வாகிகளின் ஊக்கத்தொகையைத் திரும்பப் பெறும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. அபராதத் தொகையைவிட இந்த ஏற்பாடே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வேப்பமரம்:
அதோடு ஆய்வு முடிவுகள் வெளிவருவதையும் சேர்க்க வேண்டும். சாதகமற்ற முடிவும் பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் 2007 முதல் பல ஆய்வுகளுக்குக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதைக் காலந்தவறாமல் செய்யாத நிறுவனத்துக்கு அந்த மருந்தை விளம்பரம் செய்யும் உரிமையை மறுக்கலாம் என்பது என் கருத்து.