ஜப்பானுக்கு ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச் கெடச்சிருக்கு, அப்பா வேணாங்கிறாங்க. போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க

சிப்புட்_பொண்ணு:

வணக்கம் எல்லாருக்கும். நான் மலேசியால சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல பொறந்து வளந்த பொண்ணு, இப்ப வடக்குல ஒரு அரசாங்க யுனியில (யுனிவர்சிட்டி) ரெண்டாவது வருஷம். எங்க யுனிக்கும் ஜப்பான்ல ஒரு யுனிக்கும் ஒப்பந்தம் இருக்கு, இந்த வாட்டி என் பேர எடுத்திருக்காங்க. செப்டம்பர் கடைசில போய் பிப்ரவரில திரும்பணும். விண்ணப்ப பாரம் அனுப்ப இன்னும் 12 நாள்தான் இருக்கு.

வீட்டுல சொன்னேன். அம்மாவுக்கு சந்தோஷம் தாங்கல. அப்பா சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க, தட்டுலருந்து தல தூக்காம "வேணாம்மா"ன்னாங்க, அதோட சரி, நாலு நாளாச்சு அந்த பேச்சே எடுக்கல. அப்பா செம்பனைக் குலை ஏத்துற லோரி ஓட்டுறாங்க, இருட்டுலயே கெளம்புனா சாயந்திரம்தான் வருவாங்க. பாட்டி ரப்பர் மரத்துல பால் வெட்டுனவங்க. எங்க வீட்டுல இதுவரைக்கும் யாரும் பிளேன் ஏறினதில்ல.

பீஸ் இல்லன்னு சொல்றாங்க, நெசமா இல்லையா? ஸ்காலர்ஷிப் மாசம் 80,000 யென் வரும்னு லெட்டர்ல இருக்கு, அது பத்துமா? நான் செவ்வாய் வெள்ளி சைவம், மாட்டெறச்சி எப்பவும் சாப்பிட மாட்டேன், அங்க எப்படி சமாளிக்கிறது? எல்லாத்துக்கும் மேல அப்பாகிட்ட எப்படி பேசுறது? அழுதா விட்ருவாங்கதான், ஆனா அப்படி போக எனக்கு மனசில்ல.

கூலிம்_அக்கா:

தங்கச்சி, மொதல்ல வாழ்த்து. நானும் இதே மாதிரி எக்ஸ்சேஞ்ச்ல ஜப்பான்ல சென்டாய்ங்கற ஊர்ல அஞ்சு மாசம் இருந்தேன், அதனால தெரிஞ்சத சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

பீஸ் விஷயம்: யுனிக்கும் யுனிக்கும் ஒப்பந்தம்னா அங்க டியூஷன் பீஸ் கட்ட வேணாம், இங்க வழக்கமா கட்டுற பீஸ கட்டிட்டு போனா போதும். ஆனா பீஸ் இல்லங்கறதுக்கும் செலவு இல்லங்கறதுக்கும் ரொம்ப தூரம், அப்பாகிட்ட "எல்லாம் ஃப்ரீ"ன்னு மட்டும் சொல்லிடாத. டிக்கெட், ரூம் வாடகை, டெபாசிட், குளிர் சட்டை எல்லாம் நம்ம காசு. 80,000 யென் ஏறக்குறைய 2,000 வெள்ளி (ரிங்கிட்) வரும், யுனி ஹாஸ்டல்ல இருந்து நீயே சமைச்சா தாராளமா ஓட்டிரலாம். சிக்கல் எங்கன்னா அந்த காசு நீ போய் எறங்குன அன்னைக்கே வராது, எனக்கு மொத மாசக் காசு கைக்கு வர்றதுக்குள்ள அஞ்சு வாரம் ஆயிருச்சு, அந்த அஞ்சு வாரத்துக்கு நான் கொண்டு போன காசுலதான் வாடகை, தலகாணி, சட்டி பானை எல்லாம். அப்பா கேக்கப் போறதும் இதத்தான், கையில எவ்ளோ இருக்கணும்னு. டிக்கெட் போக ரெண்டு மாச செலவ தனியா எடுத்து வை.

பேப்பர் வேலை இப்படி போகும். அங்க உள்ள யுனி உனக்காக இமிகிரேஷன்ல சி.ஓ.இ-ன்னு ஒரு சர்ட்டிபிகேட் எடுத்து அனுப்புவாங்க, அத வச்சுத்தான் இங்க மாணவர் விசா. சி.ஓ.இ கைக்கு வந்த பிறகு லேட் பண்ணாத, அதுக்கு 3 மாசம்தான் ஆயுசு. ஏர்போர்ட்ல எறங்குனதும் உன் படம் போட்ட ரெசிடென்ஸ் கார்டு ஒன்னு குடுப்பாங்க, அத எப்பவும் கையில வச்சிருக்கணும். அங்கயே பார்ட் டைம் வேலைக்கு அனுமதி கேட்டு ஒரு பாரம் இருக்கு, அதையும் குடுத்துட்டே வெளிய வா, வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை செய்யலாம். வீடு சேந்த 14 நாளுக்குள்ள நகராட்சி ஆபீஸ்ல அட்ரஸ் பதியணும், அப்படியே தேசிய மருத்துவ இன்சூரன்ஸ்லயும் பேர் குடுத்துரு. 20 வயசு ஆயிருச்சுன்னா பென்ஷன்லயும் பேர் சேக்கணும், கட்ட முடியலன்னு விலக்கு கேட்டு அன்னைக்கே பாரம் குடுத்துரலாம். எனக்கு யாரும் சொல்லாம பென்ஷன் பில் வீட்டுக்கு வந்து நான் ராத்திரி முழுக்க தூங்கல.

சாப்பாடு: பாக்க சைவம் மாதிரி இருக்கும், ஆனா சூப்புல மீன் சாறு இருக்கும், அவங்க தாஷின்னு சொல்லுவாங்க, மிசோ சூப்புலயும் வழக்கமா அதுதான். செவ்வாய் வெள்ளி நீயே ரூம்ல பொங்கிக்க. ரசப்பொடி, சாம்பார்பொடி, ஊறுகா கொண்டு போ. எறச்சி கலந்தது எதுவும் பேக்ல வைக்காத, எடுத்துருவாங்க. அரைக்கிற மிக்சி, ரைஸ் குக்கர் இங்கருந்து தூக்கிட்டு போகாத, அங்க கரண்டு 100 வோல்ட், நம்ம ஊர் சாமான் ஒழுங்கா சூடே ஆகாது. எங்கம்மா ஆசையா கட்டி குடுத்த குக்கர் சோறும் வேகாம அஞ்சு மாசம் மேசைக்கடியிலயே கெடந்துச்சு.

பூச்சோங்_தம்பி:

அக்கா எல்லாம் சொல்லிட்டாங்க, நான் ஒன்னே ஒன்னு சேக்குறேன், ஏன்னா இதுல நான் அடி வாங்கினவன். நான் போனது கொரியா. அங்க எடுத்த பாடம் எல்லாம் பாஸ், மார்க்கும் நல்லா வந்துச்சு, திரும்பி வந்தப்புறம் எங்க ஃபேகல்டில "இந்த மூனு பாடம் நம்ம சிலபஸோட ஒத்துப்போகல"ன்னு 9 கிரெடிட்ட சேக்க மாட்டேன்னுட்டாங்க. ஒரு செமஸ்டர் அதிகமா படிச்சேன், அந்த வாடகை, சாப்பாட்டு செலவு எல்லாம் அம்மா தலையில.

அதனால போறதுக்கு முன்னாடியே எந்த பாடத்துக்கு பதிலா எந்த பாடம்னு எழுதி, ஃபேகல்டில கையெழுத்தும் சாப்பும் (முத்திரை) வாங்கி வச்சுக்க. வாய்ல சொன்னத நம்பாத, நான் நம்பினேன். அங்க போய் பாடம் மாத்த வேண்டி வந்தா அன்னைக்கே ஈமெயில் போட்டு பதில் வாங்கிரு. பி.டி.பி.டி.என் (அரசாங்கப் படிப்புக் கடன்) எடுத்திருந்தா அவங்களுக்கும் முன்கூட்டியே எழுதி பதில கையில வச்சுக்கம்மா.

லுனாஸ்_ஐயா:

மகளே, நான் அப்பன் பக்கத்துலருந்து பேசுறேன். எம்மவளும் யுனியிலருந்து ஜெர்மனி போய் ஆறு மாசம் இருந்துட்டு வந்தவ. அவ மொத மொத வந்து சொன்னப்ப நானும் வேணாம்னுதான் சொன்னேன்.

கோவத்துல சொல்லலம்மா. நாங்க லயத்துல (தோட்டத்து வரிசை வீடு) வளந்தவங்க, காய்ச்சல்னு படுத்தா பக்கத்து வீட்டு பெரியம்மா கஞ்சி கொண்டாந்து வச்சிருவாங்க, பாம்பு வந்தா மொத்த லயமும் கட்டையோட ஓடி வரும். அங்க எம்புள்ளைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு வயித்து வலின்னா யார் கதவ தட்டுவா, இதுதான் என் நெஞ்ச அடச்சிட்டு நின்னுச்சு. அத வாய விட்டு சொல்லத் தெரியாம வேணாம்னுட்டேன். உங்க அப்பாவுக்கும் அதுவாத்தான் இருக்கும்னு நெனைக்கிறேன்.

இன்னொன்னு காசு. ஜெர்மனிக்கு மாசத்துக்கு 992 யூரோ கணக்கு போட்டு முன்கூட்டியே ஒரு அக்கவுண்ட்ல போட்டு பூட்டி வைக்கணும், நான் கூட்டு (சீட்டுப் பணம்) எடுத்துதான் கட்டுனேன். ஜப்பான்காரங்களும் உன் செலவ யாரு பாத்துக்குறாங்கன்னு ஆதாரம் கேப்பாங்க, ஸ்காலர்ஷிப் லெட்டரோட அப்பாவோட பேங்க் கணக்கையும் கேக்கலாம். அது காட்டுறதுக்குத்தான், அவங்க அதுலருந்து எடுக்க மாட்டாங்க. இத மொதல்லயே வெளக்கிரு, எனக்கு யாரும் வெளக்காம நான் பேங்க் புத்தகத்த பீரோலருந்து எடுக்கவே மாட்டேன்னு ரெண்டு நாள் பிடிவாதம் பிடிச்சேன்.

நின்னுக்கிட்டு பேசாத, பக்கத்துல ஒக்காந்து பேசு. எல்லா பேப்பரையும் மேசையில பரப்பி, ஒரு தாள்ல கணக்க தமிழ்லயே எழுதி காட்டு. ஒடம்புக்கு முடியலன்னா எந்த ஆஸ்பத்திரி, யாரு கூட வருவா, யாருக்கு போன் பண்றதுன்னு கேட்டு அதையும் எழுது. முடிஞ்சா அப்பாவ உங்க யுனி ஆபீசுக்கே கூட்டிட்டு போம்மா, அங்க உள்ளவங்க மொகத்த பாத்தா பாதி பயம் போயிரும்.

கூலிம்_அக்கா:

ஐயா சொன்னது நூத்துக்கு நூறு. தங்கச்சி, அப்பாகிட்ட இதையும் சொல்லு: அந்த இன்சூரன்ஸ் இருந்தா ஆஸ்பத்திரி செலவுல நம்ம கட்டுறது 30 விழுக்காடுதான். எனக்கு பல்லு வலி வந்து நானே தனியா போய் பாத்தேன். அப்புறம் அங்க நேரம் நம்மள விட ஒரு மணிதான் முன்ன, அப்பா வேலை முடிஞ்சு வந்து குளிச்சிட்டு ஒக்காந்தா நீ பேசலாம்.

சிப்புட்_பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஐயா எழுதுனத அம்மாவுக்கு படிச்சு காட்டுனேன், அம்மா அழுதுட்டாங்க.

நேத்து ராத்திரி அப்பா பக்கத்துல ஒக்காந்தேன். அப்பாவோட லோரி நோட்டு, குலை எத்தன டன்னுன்னு எழுதுறது, அதோட பின்பக்கத்துலதான் கணக்கு எழுதுனேன். டிக்கெட், வாடகை, ரெண்டு மாச சாப்பாடு. அப்பா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் பேனாவ வாங்கி என் கணக்குல நான் விட்டிருந்த ஒன்ன எழுதுனாங்க, "சிப்புட்லருந்து ஏர்போர்ட் போக வர", அதுக்கு நேரா 300 வெள்ளி. ஆஸ்பத்திரி 30 விழுக்காடு விஷயத்த மூனு தடவ கேட்டாங்க, ஒவ்வொரு தடவையும் சொன்னேன்.

சரின்னு இன்னும் வாய்ல வரல. ஆனா வியாழக்கிழமை லீவு போட்டிருக்காங்க, யுனி ஆபீசுக்கு என் கூட வர்றதுக்கு. பாடம் மாத்துற பாரத்துல சாப்பு வாங்குறதையும் அன்னைக்கே முடிச்சிரலாம்னு இருக்கேன். அக்கா, ஒன்னே ஒன்னு, பாட்டி கருவாடு வறுத்து குடுக்குறேங்கிறாங்க, மீனு கொண்டு போலாமா?

கூலிம்_அக்கா:

மீன் பரவால்லம்மா, தடை எறச்சிக்குத்தான். நல்லா வறுத்து ரெண்டு கவர் போட்டு கட்டச் சொல்லு, ஏர்போர்ட்ல கேட்டா மீன்னு சொல்லி காட்டிரு. பாட்டிய கேட்டதா சொல்லு.