மூவருக்கும் ஒரே குழம்பு: முக்கால் மணி நேரத்தில் இரவுக்கு என்ன சமைக்கலாம்?

காரிமங்கலத்துக்காரி:

அனைவருக்கும் வணக்கம். நான் தருமபுரியில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். பேருந்து பிடித்து வீடு வந்து சேர மணி ஏழாகிவிடுகிறது; எட்டு மணிக்கெல்லாம் பிள்ளைகள் இருவரும் தட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள். மாமியாருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் இரவில் அரிசிச் சோறு வேண்டாம் என்கிறார். பிள்ளைகளுக்கோ சோறு இல்லாமல் இறங்காது. கணவர் ஓசூரில் ஷிஃப்ட் முடித்துப் பத்தரைக்குத்தான் வருவார் என்பதால், ஆறிய பிறகும் சாப்பிடத் தகுந்ததாக ஒன்றை அவருக்கு எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது.

இப்படி மூன்று விதமாகச் சமைக்க முடியாமல், சில மாதங்களாகக் கடையில் மாவு பாக்கெட் வாங்கித் தோசை ஊற்றுவதே வழக்கமாகிவிட்டது. போன வாரம் சின்னவள் தட்டைப் பார்த்து, "இன்றைக்கும் தோசையா அம்மா?" என்று கேட்டாள். அடம்பிடிக்கவில்லை, அரைத் தோசையைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அது மனதை விட்டுப் போகவே இல்லை.

நம் பக்கத்துச் சாமான்களை வைத்தே எளிதாகச் செய்யக்கூடிய இரவுச் சமையல் எது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். 2023 மே மாதம் நம் மாவட்டத்தில் தொடங்கிய திட்டப்படி ரேஷனில் அரிசிக்குப் பதிலாகக் கொடுக்கும் 2 கிலோ கேழ்வரகை வாங்கி அரைத்து வைத்திருக்கிறேன். ஆனால் களி கிண்டினால் ஒவ்வொரு முறையும் கட்டி தட்டிவிடுவதால், அந்த டப்பாவைத் திறக்கவே தயக்கமாக இருக்கிறது.

பென்னாகரம் அடுப்படி:

அம்மா, மூன்று பேருக்கு மூன்று சமையல் என்று நினைப்பதால்தான் மலைப்பாக இருக்கிறது. குழம்பை ஒன்றாக வைத்துக்கொண்டு, தட்டில் அதற்குத் துணையாக வருவதை மட்டும் ஆளுக்கேற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் நாற்பது ஆண்டுகளாக அது கீரைக் கடைசல்தான். துவரம்பருப்பு, தக்காளி, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், நான்கு பல் பூண்டு ஆகியவற்றைக் குக்கரில் வேகவைத்து, அதில் பண்ணைக்கீரையோ சிறுகீரையோ எது கிடைத்ததோ அதை அரிந்து போட்டு, மூடாமல் ஒரு கொதி விட்டு, நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றி, மத்தால் கடைந்து தாளித்தால் அரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். அது பிள்ளைகளுக்குச் சோற்றில் பிசையவும், மாமியாருக்குக் களிக்குத் தொட்டுக்கொள்ளவும் ஆகும்.

இனிக் களிக்கு வருகிறேன். கட்டி தட்டுவதற்குக் காரணம் உங்கள் கை அல்ல, அவசரம். மாவைப் போட்டவுடன் கிளறினால் அதன் வெளிப்புறம் மட்டும் சட்டென்று வெந்து பசையாகி, உள்ளே இருக்கும் உலர்ந்த மாவை அப்படியே பூட்டிவிடுகிறது. ஒரு கைப்பிடி நொய்யரிசியை மூன்று டம்ளர் தண்ணீரில் குழைய வேகவிடுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது அதில் ஒரு டம்ளரை முகந்து தனியே வைத்துவிட்டு, ஒரு டம்ளர் மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். கிளறக் கூடாது. துடுப்பின் காம்பால் குவியலின் நடுவே அடிவரை ஒரு குழி போட்டு, தீயைக் குறைத்து, ஐந்தாறு நிமிடம் விட்டுவிடுங்கள். அந்தக் குழி வழியாகக் கொதிநீர் குபுகுபுவென்று மேலே வந்து மாவைத் தானே நனைத்துக்கொள்ளும். அதன் பிறகு அடுப்பை அணைத்து, பாத்திரத்தை இறக்கிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, எடுத்துவைத்த தண்ணீரைத் தேவைக்கேற்பச் சிறிது சிறிதாக ஊற்றிப் பாத்திரத்தின் ஓரத்தோடு அழுத்திக் கிண்டுங்கள். மீண்டும் சிறுதீயில் இரண்டு நிமிடம் மூடி வைத்தால், ஈரக் கையால் தொடும்போது ஒட்டாமல் வரும். தட்டை நனைத்துவிட்டு அதில் உருட்டுங்கள்.

ஓசூர் வாடகை வீடு:

பென்னாகரத்து அம்மா சொன்னதில் ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். பத்தரைக்கு வருபவருக்குக் களி எடுத்துவைக்காதீர்கள், அக்கா. ஆறிய களி இறுகிவிடும். நானும் ஷிஃப்ட் வேலைக்காரன் என்பதால் அந்த உருண்டையை நள்ளிரவில் தண்ணீரில் நனைத்து நனைத்து விழுங்கியிருக்கிறேன். மிஞ்சியதைத் தண்ணீரில் போட்டுவைத்து, காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைத்துக் குடித்தால் அதைவிட நல்ல காலை உணவு இல்லை.

அவருக்கு அதே மாவில் ரொட்டி தட்டிவிடலாம். மாவில் பொடியாக அரிந்த வெங்காயம், முருங்கைக்கீரை, பச்சை மிளகாய், உப்பு சேர்த்து, வெந்நீர் விட்டுப் பிசைந்து, வாழையிலையில் தட்டிக் கல்லில் போட வேண்டும். கேழ்வரகில் கோதுமையைப் போல இழுத்துப் பிடிக்கும் பசை இல்லாததால், பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் ரொட்டி விரிந்து உடையும். வெந்நீர் விட்டால் மாவு பாதி வெந்து சேர்ந்துகொள்ளும். துணியில் சுற்றி வைத்தால் மூன்று மணி நேரம் மெத்தென்றே இருக்கும்.

மார்கழி, தை மாதங்களில் அவரைக்கொட்டை வரும்போது, ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்த பிதுக்கம் பருப்பில் குழம்பு வையுங்கள். பிதுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டால் ஆசையாகச் செய்வார்கள். இராயக்கோட்டைச் சந்தையில் தக்காளி குவியும் நாட்களில் தக்காளிக் கடைசல் ஒன்றே போதும்.

அரூர் மானாவாரி:

சர்க்கரை நோயைப் பற்றி ஒரு சொல். களி என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்ற நம்பிக்கை நம் ஊரில் பலருக்கு இருக்கிறது. என் தந்தைக்கும் இருந்தது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து இருப்பதும், அதில் அரிசி நெருங்கவே முடியாது என்பதும் உண்மை. ஆனால் அதிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். என் தந்தை இரவில் இரண்டு பெரிய உருண்டை சாப்பிட்டு வந்த காலத்தில் சர்க்கரை குறையவே இல்லை. மருத்துவர் சொன்னபடி சாத்துக்குடி அளவில் ஒரே உருண்டையாகக் குறைத்து, கடைசலை இரண்டு கரண்டி கூட்டிய பிறகே சோதனையில் மாற்றம் தெரிந்தது. உங்கள் மாமியாருக்கு எவ்வளவு என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாற்றத்துக்குக் கொள்ளு இருக்கிறது. காலையில் ஊறப்போட்டுவிட்டு வேலைக்குப் போனால், மாலையில் ஆறேழு விசிலில் வெந்துவிடும். வெந்த நீரை வடித்து மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு ரசம் வைக்கலாம். வெந்த கொள்ளோடு பூண்டும் காய்ந்த மிளகாயும் சேர்த்துக் கடையலாம். ஒரே குக்கரில் இரண்டு பதார்த்தம். பிள்ளைகளுக்கு அரிசிச் சோற்றுக்குப் பதில் வாரம் ஒரு நாள் சாமைச் சோறு பழக்கிப் பாருங்கள். சாமையில் பொடிக்கல் இருக்கும் என்பதால், அரிக்காமல் மட்டும் உலையில் போட்டுவிடாதீர்கள்.

காரிமங்கலத்துக்காரி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று கீரைக் கடைசலும் களியும் செய்தேன். குழி போட்டுவிட்டுக் கிளறாமல் நிற்பதுதான் கடினமாக இருந்தது. கை தானாகத் துடுப்புக்குப் போனது. ஓரத்தில் சுண்டைக்காய் அளவு இரண்டு கட்டிகள் இருந்தன, மற்றபடி நன்றாக வந்தது. மாமியார் ஓர் உருண்டையோடு நிறுத்திக்கொண்டார். சின்னவள் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டுப் பாட்டியின் தட்டிலிருந்து களியைக் கிள்ளிக் கடைசலில் முக்கிச் சாப்பிட்டாள். கணவருக்குத் தட்டிய நான்கு ரொட்டிகளில் ஒன்று உடைந்தது; நாளை வெந்நீரை இன்னும் சூடாக ஊற்றிப் பார்க்கிறேன். கொள்ளு ஊறப்போட்டாயிற்று.