மறு: இடக்கை ரைபிளுக்கு என்ன சொல்? 'இடத்தோள்' என முன்மொழிகிறேன்

அன்புள்ள கலைச்சொல் குழும நண்பர்களுக்கு,

> 'இடக்கைத் துப்பாக்கி' என்றாலே எல்லோருக்கும் புரிகிறதே, எதற்குப் புதுச்சொல்?

கோவை நண்பர் கேட்ட இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுத வேண்டியிருக்கிறது. சேலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு 10 மீட்டர் ஏர் ரைபிள் பழக்குகிறேன். பிள்ளைகளின் உடலுக்கு ஏற்றபடி துப்பாக்கிக் கட்டையை, அதாவது தோளில் பதியும் மரப்பகுதியை, இழைத்துத் திருத்தும் வேலையும் என்னிடம்தான் வரும். 'இடக்கை' என்ற சொல் அங்கே அன்றாடம் குழப்புகிறது.

புதிதாகச் சேரும் பிள்ளையிடம் எந்தக் கையால் எழுதுகிறாய் என்று நான் கேட்பதில்லை. இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சிறு துளை விட்டு, அதன் வழியே ஏற்காட்டு மலைமேல் தெரியும் செல்போன் கோபுரத்தைப் பார்க்கச் சொல்வேன். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். எந்தக் கண்ணை மூடும்போது கோபுரம் துளையை விட்டு ஓடிவிடுகிறதோ அதுதான் தலைமைக் கண், அதாவது குறி பார்ப்பதில் முந்திக்கொள்ளும் கண். வலக்கையால் எழுதுகிற பிள்ளைகளிலும் இடக்கண் தலைமையாக இருப்பவர்கள் கணிசமாக உண்டு. அவர்களுக்கு இரண்டு வழி. வலத்தோளிலேயே வைத்துச் சுட்டு, இடக்கண்ணுக்கு முன்னால் மறைப்புத் தகடு மாட்டிக்கொள்ளலாம். 30 மில்லிமீட்டர் அகலம் வரை போட்டி விதி அதை அனுமதிக்கிறது. அல்லது தொடக்கத்திலேயே இடத்தோளுக்கு மாறிவிடலாம். சிறுவயதுப் பிள்ளைக்கு நான் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

இப்படி மாறிய பிள்ளை சோறு உண்பதும் எழுதுவதும் வலக்கையால்தான். ஆனால் அதற்குத் தேவைப்படுவது நாம் 'இடக்கைத் துப்பாக்கி' என்று சொல்லும் பொருள். "என் மகளுக்கு இடக்கைப் பழக்கமே இல்லையே, ஏன் அதை வாங்கச் சொல்கிறீர்கள்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம்.

பிஸ்டலுக்கு 'இடக்கை' பொருந்தும், ஏனென்றால் போட்டியில் அதை ஒரு கைதான் பிடிக்கிறது. அங்கேரியின் காரோய் டகாச் 1938-இல் கையெறிகுண்டு வெடித்து வலக்கை சிதைந்தபின் இடக்கையால் பழகி, 1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி என இரண்டு ஒலிம்பிக்கிலும் 25 மீட்டர் விரைவுச் சுடுதலில் தங்கம் வென்றார். அவரை இடக்கைச் சுடுநர் என்பதில் எனக்கு எந்தத் தடையும் இல்லை. ரைபிளில் இரண்டு கைக்கும் வேலை இருக்கிறது; ஒன்று விசையை இழுக்கிறது, மற்றது முன்கட்டையைத் தாங்குகிறது. கட்டை எந்தத் தோளில் பதிகிறதோ அந்தப் பக்கக் கன்னம் அதன்மேல் சாய்கிறது, அந்தப் பக்கக் கண் குறி பார்க்கிறது. எல்லாவற்றையும் தீர்மானிக்கும் உறுப்பு தோள். ஆகவே சுடுபவர் இடத்தோளர், ஆயுதம் இடத்தோள் ரைபிள்.

மற்ற முன்மொழிவுகள் பற்றி. 'இடங்கை' வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். வலங்கை, இடங்கை என்று கல்வெட்டுக் காலம் தொட்டுச் சாதிப் பிரிவுகளுக்கு வழங்கிய பெயர் அது. ஒரு குழந்தையின் துப்பாக்கிமேல் அந்தச் சுமையை ஏற்றக் கூடாது. 'பீச்சாங்கை' பேச்சில் இருக்கிறது, ஆனால் அதில் இகழ்ச்சி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனி துப்பாக்கியின் பொறியமைப்புக்கு வருகிறேன். நேற்று ஒருவர் கேட்ட மாதிரி, இடத்தோள் ரைபிள் என்றால் அதில் எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் மாறியிருக்குமா? அப்படி இருக்க வேண்டியதில்லை. மாறக்கூடியவை நான்கு: கட்டை, கைப்பிடி, தாழ் (போல்ட்), சுட்டபின் காலித் தோட்டாக்கூடு வெளியேறும் வாய். ஒன்று மாறினால் மற்றதும் மாறியாக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது.

போல்ட் என்பதற்குத் 'தாழ்' என்று யாழ்ப்பாணத்து ஐயா தந்த சொல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. முன்னே தள்ளி, திருப்பிப் பூட்டுகிற செயல் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நம் காவல்துறையில் நெடுங்காலம் இருந்த .303 ரைபிளுக்குத் தாழ் வலப்பக்கம். இடத்தோளில் வைத்துச் சுடுபவர் ஒவ்வொரு சூட்டுக்கும் விசைக் கையை எடுத்து ரைபிளின் மேலாகக் கொண்டுபோய்த் தாழை இழுக்க வேண்டும், அல்லது தாங்கும் கையை விடுவிக்க வேண்டும். எப்படிச் செய்தாலும் கன்னம் கட்டையை விட்டு எழுந்துவிடும், பிடித்த நிலை கலைந்துவிடும். அதனால்தான் தாழை இடப்பக்கம் வைத்துக் கட்டிய ரைபிள்களுக்கு மதிப்பு. ஆனால் மேசைமேல் ரைபிளைத் தாங்கவைத்துச் சுடும் போட்டிகளில், வலத்தோள் சுடுநர்களே தாழ் வலப்பக்கமும் வாய் இடப்பக்கமுமாக அமைத்துக்கொள்கிறார்கள்; ஒரு கை தாழைத் திறக்க, மறு கை தோட்டாவை வைத்துவிடும். 'இடக்கை ரைபிள்' என்று ஒரே சொல்லில் அடைத்தால் இதை எங்கே வைப்பது?

ஒரே ஒரு திருத்தம். யாழ்ப்பாணத்து ஐயா 'இடத்தாழ்' என்று சேர்த்து எழுதியிருந்தார். அதை 'இடத்தால் தாழ்ந்த' என்று படிக்க வாய்ப்புண்டு. 'இடப்பக்கத் தாழ்' என்று விரித்தே எழுதுவோம், நீளம் பரவாயில்லை.

வாய் எந்தப் பக்கம் என்பது வசதியைத் தாண்டிப் பாதுகாப்பு சார்ந்த விஷயம். பிரிட்டிஷ் படையின் எல்85 ரைபிளில் வாய் கன்னத்துக்கு அருகிலேயே வலப்பக்கம் இருப்பதால் இடத்தோளில் வைத்துச் சுடவே முடியாது. சுட்டால் சூடான கூடு முகத்தில் அடிக்கும். அமெரிக்க எம்16-இன் ஏ2 வகையில் வாய்க்குப் பின்னால் ஒரு சிறு மேடு வைத்துக் கூட்டை முன்னோக்கித் திருப்பிவிட்டார்கள், இடத்தோளரை நினைத்து. சேர்வராயன் மலைக் கிராமங்களில் பயிர்க்காவலுக்கு இருந்த பழைய நாட்டுத்துப்பாக்கிகளை நினைத்துப் பாருங்கள். குதிரையும் (அடிக்கும் சுத்தி) கேப்பும் (அடிபட்டு வெடிக்கும் சிறு மூடி) வலப்புறம். இடத்தோளில் வைத்தால் தீப்பொறி பறப்பது கண்ணுக்கு நேராக.

கட்டை விஷயம்தான் எனக்கு நெருக்கமானது. துப்பாக்கிக் கட்டையின் பின்பகுதி குழலின் நேர்கோட்டிலிருந்து சில மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகியிருக்கும், கண் தானாகக் குறிக்கோட்டுக்கு வந்து நிற்பதற்காக. வலத்தோளருக்கு அது வலப்பக்கம் விலகும். எஸ்டேட்காரர்களின் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகளைப் பின்னாலிருந்து பார்த்தால் இது வெறும் கண்ணுக்கே தெரியும். இடத்தோளர் அதை எடுத்தால் கட்டை முகத்தை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது; எவ்வளவு பழகினாலும் கழுத்து வலி போகாது.

இந்த விலகலுக்குக் குழுமத்தில் வந்த 'இட ஒதுக்கம்' சரிவராது, இட ஒதுக்கீடுதான் எல்லோருக்கும் நினைவு வரும். 'கோட்டம்' அழகான பழஞ்சொல், சொற்கோட்டம் என்று குறளிலேயே வருகிறது. ஆனால் சேலம் கோட்டம் என்றால் இங்கே ரயில்வே. நான் 'விலக்கம்' என்கிறேன்: வலவிலக்கம், இடவிலக்கம். பக்கத்தின் பெயரையே சொல்லிவிடுவதால், கட்டை செதுக்கும் ஆசாரிக்குத் தாளில் எழுதிக் கொடுத்தாலும் பிழை வராது.

கடைசியாக, இருபுறமும் சுடத் தோதான ஆயுதங்களுக்குச் 'சவ்வியசாசி' என்று ஒருவர் எழுதியிருந்தார். இரு கையாலும் அம்பெய்த அருச்சுனன் பெயர். சுடுபவரைப் பாராட்ட அது பொருத்தம். ஆயுதத்துக்கு 'இருதோள் ரைபிள்' போதும். ஆஸ்திரியாவின் ஸ்டெயர் ஏயூஜியில் தாழை மாற்றி, வாயின் மூடியைப் பக்கம் மாற்றினால் எந்தத் தோளுக்கும் ஆகிவிடுகிறது. அதைப் பட்டியலில் இந்தச் சொல்லுக்கு எடுத்துக்காட்டாகச் சேர்க்கலாமா என்று தொகுப்பாளர் அம்மா சொல்லட்டும்.

அன்புடன்,
அஸ்தம்பட்டி, சேலம்