கவினுக்கு வந்த டாலர் செக்: நம்ம குடும்பம் குரூப்

சுமதி (பட்டர்வொர்த்), இரவு 8:02
அக்கா, கவின் பேருக்கு அமெரிக்காலருந்து செக் வந்திருக்கு. அவன் அங்க தங்கியிருந்த வீட்டு டெபாசிட் காசு, 640 டாலர். இங்க படம் எடுத்துப் போடுறேன், அவன் கேஎல்ல (கோலாலம்பூர்) இருந்தே போன்ல பேங்க்ல போட்டுக்கலாம்ல?

தேவி (டெக்சாஸ்), 8:04
சித்தி, குரூப்ல போட்றாதீங்க. செக்கு அடியில அந்த வீட்டுக்காரரோட கணக்கு நம்பர் முழுசா இருக்கும்.

மலர், 8:07
வாட்ஸ்அப் படம் எதுக்கும் ஆகாது சுமதி. பேங்க் ஆப் அதோட கேமராவத்தான் திறக்கும், கேலரி படத்தப் பெரும்பாலும் எடுக்காது. வாட்ஸ்அப் சுருக்குறதுல அடிவரி வேற மங்கிடும். பின்பக்கம் கவினே கையெழுத்துப் போடணும். தாள் அவன் கைக்குப் போயே ஆகணும். போஸ் லாஜு கூரியர்ல அனுப்பு.

கவின் (கேஎல்), 8:09
பெரியம்மா, பிரிக்ஃபீல்ட்ஸ்ல செக் மெஷின்ல போட்டா?

மலர், 8:12
எடுக்காதுப்பா. அது ரிங்கிட் செக்குக்கு. இங்க மலேசியாவுல செக்கெல்லாம் படமா இ-ஸ்பிக்ங்கிற செக் தீர்வு முறை வழியாப் போகுது, டாலர் செக் அதுல ஏறாது. கவுண்டர்ல வாங்குற பேங்க் கிடைச்சாலும் கலெக்‌ஷனுக்கு அனுப்பி, அதாவது அமெரிக்க பேங்குக்கே அனுப்பிக் காசு வசூலிச்சு வர, வாரக்கணக்கா ஆகும், கட்டணமும் உண்டு. 640 டாலருக்கு அது கட்டுப்படியாகாது. உன் அமெரிக்கக் கணக்கு இன்னும் இருக்குல்ல?

கவின், 8:13
இருக்கு பெரியம்மா.

தேவி, 8:20
அப்போ ஆப்ல முதல்ல செக் டெபாசிட் பகுதி திறக்குதான்னு பாரு. சில பேங்க் அமெரிக்காவுக்கு வெளிய இருந்தா விடாது. எந்த நாட்டுல இருக்கோம்னு மறைக்குற விபிஎன் போட்டு ஏமாத்தப் பாக்காத, கணக்கையே முடக்கிடுவாங்க. பேங்குக்கு மெசேஜ் போட்டுக் கேளு.

திறந்தா, செக்கப் பின்பக்கம் திருப்பு. ஒரு ஓரத்துல கோடு போட்ட இடம் இருக்கும், சுமார் ஒன்றரை இஞ்ச். அதுக்குள்ள கையெழுத்து, கீழ இங்கிலீஷ்ல “ஃபார் மொபைல் டெபாசிட் ஒன்லி”, அதுக்கும் கீழ பேங்க் பேரு. கறுப்பு மை, இல்லன்னா நீல மை. நிறைய செக் திரும்பி வர்றது இந்த வரி இல்லாமத்தான்.

கவின், 8:22
அந்த வரி ஏன்க்கா அவ்ளோ முக்கியம்?

மலர், 8:27
நான் சொல்றேன். அமெரிக்காவுல 2003ல ‘செக் 21’னு சட்டம் வந்துச்சு, 2004 அக்டோபர்ல அமலாச்சு. அதுக்கப்புறம் தாளே பேங்குக்குப் பேங்கு போக வேண்டியதில்ல, படம் போதும். ஆனா படம் எடுத்த பிறகும் தாள் உன் கையிலயே இருக்கே? அதை ஒருத்தர் வேற பேங்க்ல மறுபடி போட்டுட்டா, 2018 ஜூலைலருந்து அந்த நஷ்டம் படத்த ஏத்துக்கிட்ட பேங்க் தலையில. அந்த வரி இருந்தா தாள வாங்குன பேங்க் அந்த நஷ்டத்தக் கேக்க முடியாது.

தேவி, 8:31
படம் எடுக்குறப்ப கறுப்பு, இல்லன்னா வேற அடர் நிறத்துல சமமான மேசை. வெள்ளை மேசை வேணாம், செக்கோட ஓரம் தெரியாது. போனை நேர் மேல பிடி, நிழல் விழக்கூடாது, நாலு மூலையும் தெரியணும். அடியில காந்த மை எண்கள் இருக்குல்ல, எந்த பேங்க்னு காட்டுற 9 இலக்க ரூட்டிங் நம்பர், கணக்கு நம்பர்? அதுல ஒரு எண் மேல வெளிச்சம் பளிச்சுன்னு அடிச்சாக்கூட ஆப் திருப்பிடும். தொகை டைப் பண்றப்ப எழுத்துல எழுதியிருக்குறதையும் பாரு, எண்ணும் எழுத்தும் வேற வேறன்னா எழுத்துதான் செல்லும்.

சுமதி, 8:33
போட்டதும் கிழிச்சுடலாமா?

மலர், 8:36
கூடாது. கணக்குல காசு ஏறிடுச்சுன்னா செக் பாஸ் ஆயிடுச்சுன்னு ஆகாது. வீட்டுக்காரர் கணக்குல பணம் இல்லன்னா திரும்பும், பேங்க் மொத்தத்தையும் பிடிச்சுக்கும். ஏமாத்துறவங்களுக்கு இந்த இடைவெளிதான் தோது: கூடுதலா செக் அனுப்பி, மீதிய உடனே திருப்பி அனுப்பச் சொல்வாங்க. தெரியாத ஆளோட செக்னா தொடவே கூடாது. கவின், உன் பேங்க் சொல்ற நாள் வரைக்கும் தாளப் பத்திரமா வை, அப்புறம் துண்டு துண்டாக் கிழி.

தேவி, 8:38
சித்தி, செக்ல என்ன தேதி? ஆறு மாசம் தாண்டுனா பேங்க் மறுக்கலாம். கவின் பேரோட வேற பேரும் இருக்கா? நடுவுல “அண்ட்”னு இருந்தா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்.

சுமதி, 8:40
போன மாசத் தேதிதான். அவன் பேரு மட்டும்தான்.

மலர், 8:41
சரி. மடிக்காத, ஸ்டேப்ளர் அடிக்காத. அடிவரியில மடிப்பு விழுந்தா ஆப் படிக்காது. ரெண்டு அட்டைக்கு நடுவுல வச்சு அனுப்பு.